தீயில் கொங்கிறீற்றுத் தூண்கள்

மாடிக் கட்டடத்தில் தளமொன்று சரிந்தால் சேதம் அங்கேயே அடங்கக்கூடும். தூண் முறிந்தால் அதன் மேலுள்ள மாடிகள் அத்தனையும் ஆபத்துக்குள்ளாகும்.

சுண்ணாம்பு, செங்கல் சுவர்களிலிருந்து கொங்கிறீற்றுத் தூண்களுக்குச் சென்னை மாறியதன் அடையாளம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தமது காப்புறுதி நிறுவனத்துக்காக 1953இல் அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சிங்கப்பூர் விமான விபத்தில் மாண்டார். 1956இல் ஆயுள் காப்புறுதி அரசுடைமையானதும் பணி எல்.ஐ.சி.யின் கைக்கு வந்து, 1959 ஆகஸ்டில் திறப்புவிழா நடந்தது. 177 அடி உயரம். ஊரார் வாயில் 'பதினாலு மாடி'. 1975 ஜூலை 11இல் அங்கே பெருந்தீ மூண்டது. தூண்கள் நின்றன. திருத்தப்பட்ட கட்டடம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

கொங்கிறீற்று வெப்பத்தை மெல்லவே கடத்தும். ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை அதன் வலு பெரிதாகக் குறையாது. 600ஐ நெருங்கும்போது பாதியளவு போய்விடும். உள்ளேயிருக்கும் கம்பியும் அந்த வெப்பத்தில் தளரும். ஆகவே கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீற்றுப் படையே, மேசன்மார் 'கவர்' என்பதே, தூணின் உயிர். இந்தியத் தரமான ஐ.எஸ். 456 நாற்புறமும் தீக்கு உள்ளாகும் தூண் இரண்டு மணி நேரம் தாங்க 300 மில்லிமீற்றர் அகலமும் 40 மில்லிமீற்றர் கவரும் கேட்கிறது. கொங்கிறீற்றுக்குள் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி அழுத்தும்போது மேற்படை வெடித்துச் சிதறும். கம்பி நேரே தீயில் படும். நுண்துளை குறைந்த உயர்வலுக் கொங்கிறீற்றில் இது மோசம். அதில் கலக்கும் பொலிபுரொப்பிலீன் இழைகள் 160 பாகையளவில் உருகி, ஆவிக்கு வழிவிடும்.

சூடேறிய தளம் நீண்டு தூணைப் பக்கவாட்டில் தள்ளுவதும் உண்டு. நீண்ட தீயே கொடியது. 2017 மே 31 அதிகாலை சென்னை தியாகராய நகரில் தீப்பற்றிய ஏழு மாடித் துணிக்கடை ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. மறுநாள் ஒரு பகுதி இடிந்தது. மீதியை இடிக்க வேண்டியதாயிற்று.

இலங்கையின் ஊவாத் தோட்டங்களில் 'இஸ்டோர்' எனப்படும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கொங்கிறீற்றுக் கவர் தரும் காப்பு இல்லை. அவற்றின் இரும்புத் தூண்கள் வெறுமனே நிற்கின்றன. கொழுந்து வாட்டும் மாடிகளில் பலகை. பதுளை, மொனராகலை நகரங்களில் இப்போது எழும் மாடிகள் கொங்கிறீற்றே.

தீ அணைந்ததும் ஆபத்து நீங்கிவிடாது. ஆறும்போதும் கொங்கிறீற்று மேலும் வலுவிழக்கும். சில கற்கள் கலந்த கொங்கிறீற்று 300 பாகை கடந்தால் இளஞ்சிவப்பாகும். தூணைச் செதுக்கி, அந்நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தே பொறியியலாளர் சேதத்தை மதிப்பிடுவர்.