இடாப்பில் ஒரு பெயர்

கொழும்பு மாநகரில் அரசியல் பேசப்படாத மூலை எதுவுமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடையிலும், கொட்டாஞ்சேனையில் முடிதிருத்தும் சலூனிலும், புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் வண்டியருகிலும், அரிசி விலை முதல் அமைச்சரவை வரை யாவும் தீர்ப்புக்கு வரும். இன்ன கடையில் நிறை குறைவு என்பதும், இன்ன கட்சிக்கு இம்முறை வாக்கில்லை என்பதும் ஒரே மூச்சிற் சொல்லப்படும். இவ்வபிப்பிராயங்களுட் பெரும்பாலானவை பேச்சாகவே பிறந்து பேச்சாகவே மறைவன. ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே நாளில், அவை பேச்சு என்னும் நிலையை விட்டு அதிகாரம் என்னும் நிலையை எய்துகின்றன. அதற்கு வேண்டுவது செல்வமன்று, கல்வியுமன்று. வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர் இருந்தாற் போதும். அந்தப் பெயர் இடாப்பில் ஏறிய கதையும், அதிலிருந்து நீக்கப்பட்ட கதையும், ஒரு காலத்தில் அதுவே ஆபத்தாய் முடிந்த கதையும் இந்நகரத் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டியவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் வாக்களிப்பது மிகச் சிலருக்கே உரிய சிறப்பாக இருந்தது. 1911ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைக்குப் 'படித்த இலங்கையர்' சார்பில் ஓர் உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டார். வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். அத்தேர்தலில் வாக்காளராய் இருந்தோர் ஏறக்குறைய 3,000 பேரே. 1924இல் அத்தொகை இரண்டு இலட்சமளவுக்கு உயர்ந்தது. எனினும் அது நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு வீதமே. சொத்து, வருமானம், எழுத்தறிவு ஆகிய தகுதிகள் ஆண்களுக்கு விதிக்கப்பட்டிருந்தன. பெண்களுக்கோ எத்தகுதி இருந்தும் வாக்கில்லை.

1927ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தது. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கம் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அதன் முன் கோரியது. அதே ஆண்டு டிசம்பரிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் உருவாயிற்று. ஆனால் நாட்டின் தலைவர்களாய் மதிக்கப்பட்டோருட் பலர் இதனை விரும்பவில்லை. கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கருங்கற் கோயிலாக எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே அனைவருக்கும் வாக்குரிமை அளிப்பதை எதிர்த்து நின்றார். எழுத்தறியாதவன் ஆராய்ந்து வாக்களிக்க மாட்டான், வறியவன் தன் வாக்கை விற்றுவிடுவான் என்பதே எதிர்த்தோர் கொண்ட அச்சத்தின் சாரம்.

அச்சம் வென்றிலது. 1928இல் வெளியான அறிக்கையில், ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை அளிக்குமாறு ஆணைக்குழு பரிந்துரைத்தது. பின்னர் இருபாலார்க்கும் 21 வயதே போதும் என்று முடிவாயிற்று. பிரித்தானியப் பெண்கள் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்றதே 1928இல்தான் என்பதை நோக்கும்போது, இலங்கை எத்துணை விரைவில் அந்நிலையை அடைந்தது என்பது விளங்கும். 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசாங்க சபைக்கான முதல் தேர்தல் நடைபெற்றபோது இடாப்பில் இருந்த பெயர்கள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. ஆயினும் அனைவருக்கும் என்ற சொல்லுக்குள் அன்றே ஒரு வேலியும் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்து குடியேறியோர், இந்நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டமையை நிறுவ வேண்டும். அன்றேல் சொத்துத் தகுதியோ கல்வித் தகுதியோ, ஐந்தாண்டு வாசத்தைக் காட்டும் சான்றிதழோ பெற்றிருக்க வேண்டும். இந்த வேலி பின்னர் மதிலாக உயர்ந்தது.

எழுத்தறியாதோர் வாக்களிப்பது எங்ஙனம்? அதற்கு நிறம் துணையாயிற்று. 1931, 1936 ஆகிய இரு தேர்தல்களிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, அந்நிறத்தில் தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வாக்காளர் தமக்கு விருப்பமான நிறப் பெட்டியில் தாளை இட்டால் முடிந்தது. பெயரை வாசிக்க வேண்டுவதில்லை. நிறம் தெரிந்தாற் போதும். ஆனால் இம்முறையில் ஒரு குறை இருந்தது. தாளைப் பெட்டியில் இடாமல் மடியிற் செருகி வெளியே கொண்டுவந்து தரகனிடம் கொடுத்துவிடவும் வழி உண்டு. தரகன் அத்தகைய தாள்களைச் சேர்த்து நம்பிக்கையான ஒருவன் கையில் கொடுத்தனுப்பினால், ஒருவனே பலர் வாக்கை ஒரே பெட்டியில் இட்டுவிடலாம்.

இவ்விடத்தில் வாணிக ஒழுக்கத்துக்கும் வாக்குக்கும் உள்ள உறவைச் சிந்திக்க வேண்டும். கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர், கூலி கொடுக்கும் முதலாளி, வாடகை வாங்கும் வீட்டுக்காரர் ஆகிய மூவரும் நகரத்து ஏழையின் வாழ்வைத் தம் கையிற் கொண்டவர்கள். அவர்கள் காண வாக்களிக்கும்படி நேர்ந்தால் ஏழையின் வாக்கு அவனுடையதாகாது. ஆகவேதான் திரைமறைவில் வாக்களித்தல் இன்றியமையாததாயிற்று. இலஞ்சம் கொடுத்தல், வாக்காளருக்கு உண்டியும் மதுவும் வழங்கல், அச்சுறுத்தல், ஆள்மாறாட்டம் ஆகியவற்றைத் தேர்தற் சட்டம் குற்றமெனத் தண்டித்தது. வாக்கை விற்பவனை விட வாங்குபவனே வல்லவன் என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது.

அக்காலத்தில் பொதுமக்களின் அபிப்பிராயத்துக்கு வேறொரு துணையும் வந்து சேர்ந்தது. 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி வீரகேசரியும், 1932ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி தினகரனும் கொழும்பில் வெளிவரத் தொடங்கின. வாக்குரிமையும் தமிழ் நாளிதழும் ஏறக்குறைய ஒன்றாகவே இந்நகருக்கு வந்தன எனலாம். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கமுள்ள ஊரில், ஒரு பத்திரிகைப் பிரதி ஒருவரோடு நின்றுவிடாது. வாசிக்கத் தெரியாதவனும் செய்தியறிந்தவனாய் வாக்குச்சாவடிக்குப் போக வழி பிறந்தது.

1931ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. டொனமூர்த் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எடுத்த முடிவால் வடக்கின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. ஆனால் கொழும்பின் வடபுறத்தில் நிலைமை வேறு. வடகொழும்புத் தொகுதியில் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து வெற்றி பெற்றார். தேர்தல் மனுவொன்றின் விளைவாக அவர் அப்பதவியை இழக்க நேர்ந்தது. வென்றவரும் நீதிமன்றத்தின் முன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவ்வளவு தொடக்கத்திலேயே நிலைநாட்டப்பட்டது. 1932ஆம் ஆண்டு மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவியார் நேசம் சரவணமுத்து போட்டியிட்டு வென்றார். அரசாங்க சபையில் அமர்ந்த இரண்டாவது பெண்மணி அவர். முதலாமவர் அட்லின் மொலமூறே. ஐந்தாண்டுகளுக்கு முன் வாக்கே இல்லாதிருந்த ஒரு தமிழ்ப் பெண், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கலந்து வாழும் தொகுதியிற் சட்டமியற்றும் பதவி பெற்றார். 1936இல் அம்மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்தனர். அவர் கணவர் 1937இல் கொழும்பின் தெரிவு செய்யப்பட்ட முதல் மாநகர முதல்வரானார்.

நகரின் தென்புறத்திலும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. 1933ஆம் ஆண்டு வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அங்கு உழைத்தோரில் மலையாளிகள் கணிசமானவர்கள். ஒரு காலத்தில் தொழிலாளரின் தந்தை எனப் போற்றப்பட்ட குணசிங்க அம்முறை வேலைநிறுத்தக்காரருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பின்னர் மலையாளிகளுக்கு எதிரான கிளர்ச்சியிலும் இறங்கினார். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய இளைஞருள் ஒருவர் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. பதினான்கு ஆண்டுகள் கழிந்து 1947இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதி அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அந்த 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நிறப் பெட்டிகள் மறைந்தன. வாக்குத்தாளில் ஒவ்வொரு வேட்பாளரின் பெயருக்கும் எதிரே ஒரு சின்னம் அச்சிடப்பட்டது. வாக்காளர் புள்ளடியிட்டு, எல்லாரும் இடும் ஒரே பெட்டியில் தாளை இட்டனர். தாளைச் சேர்த்து விற்கும் தரகனுக்கு இதனால் இடம் குறைந்தது. இந்தியா தன் முதற் பொதுத்தேர்தலை 1951–52இல் நடத்தியபோது கூட, வேட்பாளருக்கொரு பெட்டி என்ற பழைய முறையையே கைக்கொண்டது என்பது நினைக்கத் தக்கது. மத்திய கொழும்பு மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம், பகிர்ந்தும் அளிக்கலாம். எழுத்தறியாதவனுக்கு இது விளங்குமா என்று ஐயுற்றோர் விடையைத் தேர்தல் முடிவிற் கண்டனர். தொழிற்கட்சியின் குணசிங்கவும், மலாய்க் கல்விமான் ரி. பி. ஜாயாவும், பறங்கியரான கம்யூனிஸ்டுத் தலைவர் பீற்றர் கெனமனும் ஒருங்கே தெரிவாயினர். வெவ்வேறு இனத்தவரும் வெவ்வேறு கொள்கையினருமான மூவர் ஒரு தொகுதியின் குரலாயினர்.

ஆகவே பதினாறு ஆண்டுகளின் அனுபவம் 1928ஆம் ஆண்டின் அச்சத்தைப் பொய்யாக்கிற்று. தவறுகள் இல்லாமலில்லை, மதுவும் பணமும் ஓடாமலில்லை. எனினும் வறியவன் தன் வாக்கை அறிந்தே பயன்படுத்தினான். வாக்குரிமைக்குப் பெருங்கேடு வந்தது வேறு திசையிலிருந்து.

1947இல் மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் இந்திய வம்சாவளியினரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளின் பெயர்கள் மட்டுமே இடாப்பில் இருக்கலாம் என்று விதித்தது. தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர். கொழும்புத் துறைமுகத்திலும் மாநகர சபையிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரும் இவ்விதியின் கீழ் வந்தனர். இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி ஏறக்குறைய எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஒன்றரை இலட்சத்துக்கும் குறைந்தோரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை. அவர்கள் வாக்கை விற்கவில்லை, தவறாய்ப் பயன்படுத்தவுமில்லை. கற்றறிந்தோர் நிறைந்த சபையொன்று எண்ணிக் கைதூக்கி அவ்வாக்கை எடுத்துக்கொண்டது.

இச்சட்டத்தைப் பற்றிய கருத்து வேற்றுமையே தமிழ்க் காங்கிரசைப் பிளந்து, 1949 டிசம்பரிற் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சி தோன்றக் காரணமாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சி நின்ற நாடற்றோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின. பறிப்பதற்கு இரண்டாண்டு போதியதாயிருந்தது; மீட்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இடாப்பில் பெயரில்லாமை ஒரு துன்பம் என்றால், பெயர் இருந்தமையே துன்பமாய் முடிந்த நாள்களும் உண்டு. 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீடித்தது. 1989 வரை பொதுத்தேர்தல் இல்லை. அவ்வாக்கெடுப்பு முடிந்து ஏழு மாதங்களில், 1983 ஜூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. தாக்க வந்த கும்பல்களிற் சில வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி அடையாளம் கண்டன. குடிமகனுக்கு அதிகாரம் தருவதற்கென அரசாங்கம் எழுதி வைத்த ஏடு, அவனை வேட்டையாடுவோர்க்கு வழிகாட்டியாயிற்று. வாசிக்கத் தெரியாத ஏழையால் அந்த ஏட்டுக்கு இத்தகைய இழிவு என்றும் நேர்ந்ததில்லை.

2004 முதல் இந்திய மக்களவைத் தேர்தல்கள் மின்னணு இயந்திரங்களைக் கொண்டு நடத்தப்படுகின்றன. இலங்கை வாக்குத்தாளையும் புள்ளடியையும் கைவிடவில்லை. பத்திரிகையை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட காலம் போய், ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி செய்தி சொல்கிறது. கருவிகள் மாறும், மாறுவதும் நல்லதே. ஆனால் நிறப் பெட்டியாயினும் சின்னமாயினும் இயந்திரமாயினும், இடாப்பில் ஏறாத பெயருக்கு அது பயன்படாது. இடாப்பைக் காப்போர் நேர்மை தவறினால் எக்கருவியும் காவாது. இந்நாட்டில் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. அதனைப் போய்ப் பார்ப்பவர் சிலரே. தம் பெயரைத் தேடிப் பார்ப்பதோடு, அடுத்த வீட்டாரின் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பது குடிமக்களின் கடமை. 1949இல் அடுத்த வீட்டாரின் பெயர் நீங்கியபோது தம் பெயர் இருக்கிறதென்று அமைதியடைந்தோர் இந்நாட்டிற் பலர்.