தீக்களிமண்

தீக்களிமண் என்பது 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய அனலிலும் உருகாமல் நிற்கும் களிமண். ஊர்ச்சூளைச் செங்கல் மண் அதற்கு வெகு முன்பே இளகி வழிந்துவிடும். காரணம், அந்த மண்ணில் இருக்கும் இரும்பு, சுண்ணாம்பு, உப்புக் காரங்கள். இவை மண்ணின் உருகுநிலையைக் கீழே இழுப்பவை. தீக்களிமண்ணில் இவை மிகக் குறைவு. அலுமினாவும் சிலிக்காவுமே பெரும்பங்கு.

நிலக்கரிப் படுகைகளுக்கு அடியில் இந்த மண் அடிக்கடி கிடைக்கிறது. பண்டைய சதுப்புக் காடுகளின் நீர், வேர் ஓடிய மண்ணிலிருந்து காரங்களைக் கரைத்துக்கொண்டு போனதன் விளைவு அது. எரிபொருளும் அதன் அனலைத் தாங்கும் சுவருக்கான மண்ணும் ஒரே குழியில் கிடைப்பது தொழிலுக்கு எத்தனை வசதி! கிழக்கிந்தியாவின் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வட்டாரங்களில் இதுவே நிலை. நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியோடு களிமண் வருகிறது.

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் இதற்கு நல்ல சான்று. கண்ணாடி உலைகளில் விறகு எரிக்க 1615இல் அரச ஆணை தடை போட்டது. நிலக்கரியும் தீக்களிமண்ணும் சேர்ந்திருந்த அந்த ஊரில் பிரான்சின் லொரேன் பகுதிக் கண்ணாடித் தொழிலாளர்கள் குடியேறினர். கண்ணாடி உருக்கும் பெரிய மூசைகளைச் சக்கரத்தில் வனைய முடியாது. கையால் அடுக்கடுக்காக எழுப்பி, மாதக்கணக்கில் ஆற உலர்த்துவார்கள். உடைந்த பழைய மூசையும் வீணாவதில்லை: ஒட்டியிருக்கும் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணில் கலப்பார்கள். ஒருமுறை சுட்ட பொடி மறுபடி சுருங்காது. விரிசலும் ஓடாமல் தடைபடும்.

தென்னிந்திய எஃகுக் கொல்லர்கள் வேறு வழி கண்டார்கள். பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவள்ளூரில் கிடைத்த மூசைத் துண்டுகள் போன்றவற்றில் நெல் உமி கலந்த மண் காணப்படுகிறது. உமி கரிந்து கரியையும் சிலிக்காவையும் மண்ணுக்குள் விட்டுச்செல்லும். 1,300 டிகிரிக்கு மேல் உள்ளே இரும்பு உருகும்போது மூசை நின்றது அப்படித்தான்.

குயவருக்குத் தீக்களிமண்ணில் ஒரு சங்கடம் உண்டு. சுட்ட பொடி கூடக்கூட அனலைத் தாங்கும், ஆனால் வனையும் விரலைச் சுரண்டும். எனவே மெல்லிய கிண்ணத்தைவிடச் சிற்பம், சூளைத் தட்டு, பாத்திரங்களைப் புகையிலிருந்து மறைக்கும் பெட்டி ஆகியவற்றுக்கே இது தோதானது. ஸ்டாஃபர்ட்ஷயரில் அந்தப் பெட்டிகளின் அடித்தட்டை இரும்பு வளையத்துக்குள் அடித்துச் சமன் செய்யவே தனி ஆள் இருந்தான்.

கட்டுமானத்தில் தீக்களிமண்ணில் செய்த தீச்செங்கல்லைவிட அவற்றின் இணைப்புதான் தலைவலி. சிமென்ட் கலவை 400, 500 டிகிரியிலேயே பலமிழந்து உதிரும். தீக்களிமண்ணும் சுட்ட பொடியும் குழைத்த சாந்தில் கல்லைத் தோய்த்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிக்கு மிகாமல் அடுக்க வேண்டும். வெறும் மண்சாந்து அனல் பட்டுத்தான் இறுகும். அதுவரை மழை படக்கூடாது. விரைவாக இறுக வேண்டுமென்றால் சோடியம் சிலிகேட் சேர்ப்பதுண்டு. முதல் தீயையும் மெதுவாகவே ஏற்ற வேண்டும். ஈரம் நீராவியாகச் சட்டென்று வெளியேற முயன்றால் சுவர் வெடிக்கும்.

பேக்கரி அடுப்புக்குத் தீச்செங்கல் போதும். எஃகு உலையில் கதை வேறு: காரத் தன்மையுள்ள கசடு தீச்செங்கல்லை அரித்துவிடும். அங்கே சேலத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லான மாக்னசைட்டிலிருந்து செய்த செங்கல்கள் பயன்படுகின்றன.