சர்க்கரை போன தூரம்

தில்லிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்திருக்கும் என் பெண் போன வாரம் கேட்டாள்: "அப்பா, சர்க்கரைக்கு ஸ்பானிஷ்ல 'அஸூகர்'. நம்ம வார்த்தை மாதிரியே இல்ல?"

"தமிழ்லேர்ந்து போனதுதாம்மா" என்று பெருமையாகச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். உண்மைக் கதை அதைவிட ருசியானது.

மூலம் சமஸ்கிருதத்து 'சர்க்கரா'. பொடிக்கல், பருக்கை என்று பொருள். கரும்புப் பாகு காய்ந்து பருக்கையாவதால் அந்தப் பெயர். நம் சர்க்கரையும் அதிலிருந்து வந்ததுதான். அதே சொல் பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்' ஆனது.

711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்தன. அவர்கள் ஆட்சியில் தென்கரையில் கரும்பு பயிரானது. அரபியில் பெயருக்கு முன்னால் 'அல்' சேரும். 'ச' வந்தால் அது 'அஸ்' என்று ஒலிக்கும். 'அஸ்-சுக்கர்' என்று காதில் விழுந்ததை ஸ்பானியர்கள் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அதுதான் அஸூகர். இத்தாலிய 'சுக்கெரோ', பிரெஞ்சு 'சூக்ர்', ஆங்கில 'சுகர்' எல்லாம் அதன் பங்காளிகள். ஆனால் அந்த முன்னொட்டு அவற்றில் இல்லை.

இதே சொல் இன்னொரு முறையும் கப்பலேறியது. கேரளக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் மலையாளத்துச் 'சக்கர'யை 'ஜாகரா' ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் நம் வெல்லத்துக்கு 'ஜாகரி' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இதுவரை இனிப்பு. கசப்பையும் அவளிடம் மறைக்கவில்லை. 1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கரும்புக் கரணைகளைக் கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவுக்குக் கொண்டுபோனார். பிறகு அந்தக் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததும் முதலாளிகளின் கண் நம் பக்கம் திரும்பியது. 1860-ல் நட்டால் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் சேர்ந்த முதல் கப்பல், 'ட்ரூரோ', புறப்பட்டது சென்னையிலிருந்துதான். பருக்கை என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வியர்வை!

எல்லாம் கேட்டு முடித்தவள், திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சிக்குப் போன் போட்டு முழுக் கதையையும் ஒப்பித்தாள். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"சர்க்கரையா? நம்ம வீட்டுல சீனின்னுல்லா சொல்லுவோம்!"

எங்கள் தெரு முனைக் கடையில் ஹிந்திக்காரரும் அதையேதான் சொல்கிறார். சீனாவின் பெயரைத் தாங்கிய அந்தச் சொல்லின் கதையை இன்னொரு நாள் பேசுவோம். உங்கள் வீட்டில் எப்படி? சர்க்கரையா, சீனியா?