1200 வாட்டும் ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸும்

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல. அந்த ஆணிக்கு நடுவுலதான் செகண்ட் ஹாண்ட்ல ஒரு ஆல்டோ வாங்கினேன். வாங்கின கையோட அதுல ஒரு சப்-வூஃபர் வைக்கணும்னு ஆசை. பட்ஜெட் கம்மி. அட்டைப்பெட்டியில "1200 வாட்ஸ்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்த ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு சல்லிசா கிடைச்சுது. கடையிலேயே மாட்டிக் கொடுத்தாங்க (கடை பேரு வேண்டாம், விடுங்க).

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல்லேருந்து எரியோட்டுக்கு வர்றேன். ராத்திரி எட்டு மணி இருக்கும். பின்சீட்டுலேருந்து அம்மா, "ஏண்டா, பிளாஸ்டிக் கருகுற வாடை வருது?"ன்னாங்க. வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தா புகை. பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டப்ப கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மா அப்புறம் ஊர் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

மறுநாள் காலையில மாமா வந்தார். அம்மாவோட தம்பி. ஒரு காலத்துல எங்க பக்கத்துல மைக் செட் வச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எலெக்‌ஷன் எல்லாத்துக்கும் கூம்பு குழாய் கட்டினவர். வண்டியைச் சுத்திப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மாப்ள, பொட்டியில போட்டிருக்கறதைப் படிச்சியா, ஃபியூஸைப் படிச்சியா?"

ஆம்ப்ளிஃபையர் முதுகுல இருந்த ஃபியூஸ் 20 ஆம்பியர். வண்டி ஓடும்போது பேட்டரியில 14.4 வோல்ட்னு வச்சுக்கிட்டாலும் பெருக்கினா 288 வாட்தான் உள்ளேயே போக முடியும். கிளாஸ் ஏபி வகை, அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல தேறும். மீதி சூடு. ஆக 1200 வாட் ஆசாமி நிஜத்துல 150 வாட். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டுப் பொட்டி தட்டுற எனக்கு இந்தப் பெருக்கல் தோணலை பாருங்க, அவ்வ்வ்!

இந்தப் பொய் எங்கேருந்து ஆரம்பிச்சுதுன்னு நோண்டினப்பதான் ஒரு கதை கிடைச்சுது. கார் ஆம்ப்ளிஃபையரோட சரித்திரம்னா, அது பேட்டரி வோல்டேஜோட போட்ட மல்லுக்கட்டுதான்.

1930-ல அமெரிக்காவுல பால் கால்வினோட கம்பெனி மோட்டோரோலாங்கற பேர்ல கார் ரேடியோ வித்தாங்க. அப்ப கார் பேட்டரி வெறும் 6 வோல்ட். ரேடியோவுல இருந்த வால்வுகளுக்கோ நூறு வோல்ட்டுக்கு மேல வேணும். முதல்ல தனியா பேட்டரி வச்சுப் பார்த்தாங்க. அப்புறம் வைப்ரேட்டர்னு ஒண்ணு வந்தது. சின்ன இரும்புத் தகடு நொடிக்கு நூறு தடவைக்கு மேல துடிச்சு கரன்ட்டை விட்டு விட்டு அனுப்பும். அப்படி விட்டு விட்டு வந்தாத்தான் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செஞ்சு வோல்டேஜைத் தூக்கும். 1955-ல கிரைஸ்லர் காருக்கு ஃபில்கோ கம்பெனி முழு டிரான்ஸிஸ்டர் ரேடியோ கொண்டுவந்தது. டிரான்ஸிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதும், அதனால வைப்ரேட்டருக்கு வேலை போச்சு.

ஆனா வினை அங்கேதான். 12 வோல்ட்டை அப்படியே வச்சு ஸ்பீக்கரை ஆட்டினா எவ்வளவு வாட் வரும்? 14.4 வோல்ட்ல, 4 ஓம் ஸ்பீக்கருக்கு, கணக்குப்படி அதிகபட்சம் ஆறரை வாட். ரெண்டு ஆம்ப்ளிஃபையரை எதிரெதிரா இழுக்க விட்டு நடுவுல ஸ்பீக்கரைக் கட்டினா (பிரிட்ஜ்னு சொல்வாங்க) அதுபோல நாலு மடங்கு, சுமார் 26 வாட். அவ்வளவுதான். அதுக்கு மேல ஐன்ஸ்டீனே வந்தாலும் ஆகாது.

இந்த இடத்துல நம்ம ஊர் ஹீரோ வர்றார். சான்யோ கம்பெனியோட எல்ஏ4440. 14 கால் உள்ள ஐசி. ரிச்சி ஸ்ட்ரீட்லயோ டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்லயோ ஆம்ப்ளிஃபையர் போர்டுன்னு கேட்டவங்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்ல. அசெம்பிள் செட், ஆட்டோ, மினி பஸ்னு இது பாடாத இடமே கிடையாது. அதோட டேட்டாஷீட்ல போட்டிருக்கறது 13.2 வோல்ட்ல சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ்ல 19 வாட். நம்ம கணக்கோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது பாருங்க. சான்யோவோட செமிகண்டக்டர் பிரிவை 2011-ல ஆன் செமிகண்டக்டர் வாங்கிடுச்சு, ஆனா அந்த நம்பர் இன்னும் சாகலை. அந்த 19 வாட் போர்டை வச்ச டப்பா மேலயும் யாராவது 500 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அதுக்கு ஐசி என்ன பண்ணும்?

26 வாட்டைத் தாண்டணும்னா மறுபடி வோல்டேஜைத் தூக்கியாகணும். 1970-கள்ல ஜிம் ஃபாஸ்கேட் மாதிரி ஆளுங்க கார் ஆம்ப்ளிஃபையரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போனாங்க. இன்னைக்கு இருக்கற சப்-வூஃபர் ஆம்ப்ளிஃபையரைத் திறந்தா வளையம் வளையமா சுத்தின ஒரு டிரான்ஸ்ஃபார்மரும், நொடிக்குப் பல ஆயிரம் தடவை ஆன்-ஆஃப் பண்ற மாஸ்ஃபெட்டுகளும் இருக்கும். வைப்ரேட்டரோட பேரப்புள்ளைங்க!

அதே சமயம் அமெரிக்காவுல வீட்டு ஸ்டீரியோக்காரங்க வாட் கணக்குல புளுகித் தள்ளினாங்க. 1974-ல அங்க ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது: எந்த ஓம்ல, எவ்வளவு சிதைவுல, தொடர்ந்து எத்தனை வாட்னு சொல்லித்தான் விக்கணும். அருமையான விதி. ஆனா "வீட்டுப் பொழுதுபோக்குச் சாதனங்களுக்கு"ன்னு எழுதிட்டாங்க. கார் தப்பிச்சுது. காருக்கு 2003-லதான் சிஇஏ-2006ன்னு ஒரு அளவுகோல் வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீத சிதைவு. அதுவும் விருப்பப்பட்டாத்தான், கட்டாயம் இல்ல. நம்ம ஊர்ல பிஎம்பிஓன்னு ஒரு அளவு டேப் ரெக்கார்டர் மேலெல்லாம் ஆயிரக்கணக்குல ஓடினதே, அதுக்கு யாரும் ஒத்துக்கிட்ட வரையறையே கிடையாது. என் 1200 அந்த வம்சம்.

மாமாகிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். "உங்க 40 வாட் செட்டு அடுத்த ஊருக்குக் கேக்கும், இந்த 150 வாட்டு பின்சீட்டைத் தாண்ட மாட்டேங்குதே?" அவர் சிரிச்சார். கூம்புக் குழாய் ஒரு வாட்டுக்கே நூறு டெசிபலைத் தாண்டிக் கத்தும். சப்-வூஃபர் சுமார் 85 டெசிபல்தான். 20 டெசிபல் வித்தியாசம்னா நூறு மடங்கு வாட். அதோட தாழ்ந்த சத்தத்துக்கு நம்ம காதே மந்தம், ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லயே அளந்து சொல்லிட்டாங்க. குழாய்ல தவில் வராது, நாயனம் மட்டும் வரும்னு மாமா சொன்னதுல ஒரு ஃபிசிக்ஸ் பாடமே இருக்கு.

சரி, புகை எப்படி வந்தது? வீட்டு வயரிங்குக்குப் போடற 1.5 ஒயரை பேட்டரியிலேருந்து நேரா இழுத்திருந்தாங்க. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தகட்டு ஓட்டையில ரப்பர் வாஷர் இல்ல. அதிர்வுல ஒயர் தேஞ்சு பாடியில ஷார்ட். ஆம்ப்ளிஃபையர்ல உள்ள ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைத்தான் காப்பாத்தும், நடுவுல உள்ள ஒயரை இல்ல. பேட்டரி பக்கத்துல ஃபியூஸே போடலை. அந்த ஒயர் ஒழுங்கா இருந்திருந்தாலும் அஞ்சு மீட்டர் நீளத்துக்கு 20 ஆம்பியர்ல 1.2 வோல்ட் வழியிலேயே காலி, 24 வாட் ஒயர்லயே சூடாப் போயிருக்கும்.

மாமா எல்லாத்தையும் பிடுங்கிட்டு எட்டு கேஜ் சுத்தச் செம்பு ஒயர் வாங்கி வரச் சொன்னார். சீப்பா கிடைக்கறது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினதுன்னு நகத்தால சுரண்டிக் காட்டினார். பேட்டரியிலேருந்து ஒரு ஜாண்ல 30 ஆம்பியர் ஃபியூஸ். ஓட்டைக்கு ரப்பர். எர்த்துக்கு பாடியில பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்புல போல்ட்டு. ஆசாரி வீட்டுல பத்து இஞ்ச் ஸ்பீக்கருக்கு ஒரு கன அடி மூடின பெட்டி. பெட்டி அளவை மட்டும் நான் கணக்குப் போட்டேன், ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் 1961-ல ஆரம்பிச்சு வச்ச கணக்கு. ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ். கெயின் குமிழை வால்யூம்னு நினைச்சு முழுசாத் திருகியிருந்தேன், அதுக்கும் திட்டு. ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, மல்டிமீட்டரை வச்சு 24.5 வோல்ட்ல நிறுத்தினார்.

சாயங்காலம் பாட்டு போட்டோம். கண்ணாடி அதிரலை, ஆனா தவில் வந்துச்சு. அம்மா மட்டும் இன்னும் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லி மோந்து பார்த்துட்டுத்தான் வண்டியில ஏறுறாங்க :-)

டிஸ்கி: 24.5 எப்படி வந்ததுன்னு பின்னூட்டத்துல கேக்கப்போறவங்களுக்கு: 150 வாட், 4 ஓம். ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க.