இழையப் பொருத்தம் கண்ட வரலாறு

‘தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது முதுமொழி. வாயும் வயிறும் மட்டுமன்று, உடலின் இழையங்களுமே வேறு என்பதை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

என்பினுள் இருக்கும் மச்சையே குருதியின் ஊற்றுக்கண். அங்குள்ள குருத்துக் கலங்களிலிருந்தே நாள்தோறும் புதிய குருதிக் கலங்கள் பிறக்கின்றன. மச்சை கெட்ட நோயாளருக்குப் பிறர் மச்சையை ஏற்றலாமா என ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ். 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அறிக்கையில் அறுவருக்கு மச்சை ஏற்றிய செய்தி காணப்படுகிறது. இருவரிடத்தில் மாத்திரமே அது சில காலம் வேர்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

மறு ஆண்டு ஒக்ரோபரில் யூகோசிலாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து நேர்ந்தது. கதிர்வீச்சுக்கு ஆளான அறுவர் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வைத்தியர் ஜோர்ஜ் மத்தே அவர்களுள் ஐவருக்குப் பிரெஞ்சு மக்களின் மச்சையை ஏற்றினார். நால்வர் உயிர் தப்பினர். ஆயினும் அந்நியரின் மச்சை அவர்கள் உடலில் நிலைக்கவில்லை.

இதன் காரணம் யாது? விடை அதே 1958ஆம் ஆண்டிலேயே துலங்கத் தொடங்கிற்று. பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்ற நோயாளரின் குருதியில், பிறருடைய வெண்கலங்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் இருப்பதைப் பாரிசில் ஜோன் டோசே ஆராய்ந்து, அவ்வெண்கலங்களிலுள்ள அடையாளமொன்றை முதன்முதலில் பிரித்தறிந்தார். ஒல்லாந்தில் வான் றூட்டும், கலிபோர்னியாவில் றோஸ் பெயின் அம்மையாரும் அத்தகைய எதிரிகளைப் பிள்ளைகள் பல பெற்ற தாய்மாரின் குருதியிற் கண்டனர். வயிற்றிற் சுமந்த பிள்ளையின் கலங்களையே, தந்தைவழி வந்த அடையாளங்களால், தாயின் குருதி வேறென அறிந்திருந்தது!

இவ்வடையாளங்கள் ஆறாவது நிறமூர்த்தத்தில் அமைந்த பரம்பரைச் சொத்து. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் வருவதால், உடன்பிறந்தார் இருவர் முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

அவ்வறிவின் பயன் 1968இல் வெளிப்பட்டது. நோயெதிர்க்கும் ஆற்றலின்றிப் பிறந்த குழந்தையொன்றுக்கு, பெரிதும் பொருந்திய சகோதரியின் மச்சையை மினசோட்டாவில் றொபேட் குட் ஏற்றினார், குழந்தை பிழைத்தது. பொருந்தும் உடன்பிறப்பு இல்லாதோர் கதி என்ன? 1973இல் நியூயோர்க்கில் அவ்வாறான ஒரு சிறுவனுக்குப் பொருத்தமானவர் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் கண்டறியப்பட்டார். பலமுறை ஏற்றியபின் அம்மச்சை வேர்கொண்டது.

1974இல் சேர்லி நோலன் என்னும் தாய், தம் மகன் அந்தனிக்காக, மச்சை வழங்க முன்வருவோரின் பதிவேடொன்றை இலண்டனில் தொடங்கினார். பொருத்தமானவர் கிடையாமலே 1979இல் அச்சிறுவன் ஏழு வயதில் மாண்டான். தாய் தொடங்கிய பணியோ மாளவில்லை. டோசேக்கு 1980இலும் தோமசுக்கு 1990இலும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகப் பதிவேடுகளில் நாலு கோடிக்கு மேற்பட்டோர் உளர்.

எனினும் ஒருவருக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் அவர்தம் இனத்தவரிடையேதான் கிடைப்பர். ஆகையால் மேல்நாடுகளில் வாழும் தென்னாசிய வழியினர், ஐரோப்பியரைவிட அரிதாகவே பொருத்தம் பெறுகின்றனர். அக்குறையைத் தீர்க்கும் மருந்து எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. முன்வந்து பெயரைப் பதிவுசெய்யும் மனிதரிடமே உள்ளது.