பாடகர்கள் காதில் மாட்டியிருப்பது என்ன? பாதிப் பாட்டில் ஒரு காதை மட்டும் கழற்றுவது ஏன்?

மேடையில் பாடிக்கொண்டிருக்கும் பாடகர் திடீர்னு ஒரு காதில் இருப்பதைக் கழற்றித் தோளில் தொங்கவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மாட்டிக்கொள்வார். கச்சேரி வீடியோக்களில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. உடனே கமெண்ட்டில் ஒருத்தர் கேட்பார்: "ஒரிஜினல் பாட்டைக் காதுல ஓடவிட்டுட்டு வாயசைக்கிறாரா?"

இல்லை. அதன் பெயர் இன்-இயர் மானிட்டர். சுருக்கமா ஐஇஎம். அதில் அவருக்குக் கேட்பது அவருடைய குரல்தான்.

தன் குரலைக் கேட்க ஒரு கருவியா?

ஆமாம். மேடையின் பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் ரசிகர்களைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். பாடகர் நிற்பது அவற்றுக்குப் பின்னால். பக்கத்தில் டிரம்ஸ், கிடார் ஆம்ப்ளிஃபயர், எதிரே ஆயிரக்கணக்கானோரின் கூச்சல். இந்த இரைச்சலுக்கு நடுவில் தன் குரல் சுருதியில் நிற்கிறதா, விலகுகிறதா என்று அவருக்கே தெரியாது.

போதாததற்கு எதிரொலி வேறு. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்டேடியத்தில் 100 மீட்டர் தள்ளியிருக்கும் கேலரியில் பட்டுத் திரும்பி வர அரை விநாடிக்கு மேல் ஆகும். அதைக் கேட்டுக்கொண்டு தாளம் பிடித்தால் பாட்டு கண்டிப்பாகத் தப்பும்.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவுக்கு நடந்தது இதுதான். சுமார் 55 ஆயிரம் ரசிகர்கள். அவர்கள் போட்ட சத்தத்தில், சுற்றுப்பயணத்துக்காகவே செய்த 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள் எடுபடவே இல்லை. பாடுபவர்கள் தங்களைக் கேட்க மேடையில் தனி ஸ்பீக்கரும் கிடையாது. அந்தக் காலத்துக் கச்சேரிகளில், முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் தாளம் பிடித்ததாக டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966 ஆகஸ்டோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணம் போவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்கான காரணங்களில் இதுவும் ஒண்ணு.

தரையில் இருந்து காதுக்கு

அதன் பிறகு பாடகரின் காலடியில் சாய்வாக ஒரு ஸ்பீக்கர் வைக்கும் பழக்கம் வந்தது. 'வெட்ஜ்' என்பார்கள். இன்றும் பல மேடைகளில் அதுதான். ஆனால் அதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் புகுந்து, மறுபடி ஸ்பீக்கர் வழியாக வந்து சுற்றினால் 'கீ...ய்ங்' என்று அலறும். நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கையில் எடுத்ததும் காதைக் கிழிக்குமே, அதேதான். அதோடு, டிரம்மர் தன் வெட்ஜைக் கூட்டச் சொன்னால் அடுத்து கிடார்காரரும் கூட்டச் சொல்வார். கடைசியில் மேடையே அதிரும்.

காதுக்குள்ளேயே ஒலியைக் கொடுக்கும் முயற்சிகள் முன்பே நடந்திருந்தாலும், பெரிய திருப்பம் 1995-ல் வந்தது. வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக, அந்தக் குழுவின் சவுண்ட் இன்ஜினியர் ஜெர்ரி ஹார்வி காது அளவுக்கே ஒரு மானிட்டரைச் செய்தார். 'அல்டிமேட் இயர்ஸ்' நிறுவனம் தொடங்கியது அங்கிருந்துதான்.

இப்போது பெரிய கலைஞர்களுக்குக் காதுக்குள் சிலிக்கான் விட்டு அச்சு எடுத்தே ஐஇஎம் செய்கிறார்கள். பாடகரின் இடுப்புக்குப் பின்னால் தெரியும் சின்னப் பெட்டி, வயர்லெஸ் ரிசீவர். மேடையின் ஓரத்தில் ஒரு மானிட்டர் இன்ஜினியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மிக்ஸ் அனுப்புவார். பாடகருக்கு அவர் குரல் தூக்கலாக இருக்கும். டிரம்மருக்கு பாஸ் கிடாரும், 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் கிளிக் டிராக்கும். திரையில் ஓடும் வீடியோவும் விளக்குகளும் பாட்டோடு ஒத்துப்போவது பெரும்பாலும் இந்தக் கிளிக்கால்தான். அது ரசிகர்களுக்குக் கேட்கவே கேட்காது. 'அடுத்த பாட்டு இது' என்று குழுவின் தலைவர் சொல்வதும் இதே வழியாகத்தான் வரும்.

காது போனால் பாட்டும் போச்சு

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி மேடையில் 100 டெசிபல் என்பது சர்வசாதாரணம்.

ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனுக்கு 2016-ல், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே டாக்டர்கள் எச்சரிக்கை கொடுத்தார்கள். இப்படியே போனால் முழுசா காது கேட்காமல் போகலாம் என்றார்கள். அவர் விலக, மீதிக் கச்சேரிகளை ஆக்ஸல் ரோஸ் பாடிக் கொடுத்தார். (காது அடைப்பான் போடாமல் ரேஸ் கார் ஓட்டியதும் ஒரு காரணம் என்று ஜான்சனே சொல்லியிருக்கிறார்.) பிறகு ஐஇஎம் முன்னோடிகளில் ஒருவரான ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் அவருக்காகப் புதுவகைக் கருவி ஒன்றில் வேலை செய்தார். 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நடந்த பவர் டிரிப் விழாவில் ஜான்சன் மறுபடியும் ஏசி/டிசியோடு மேடையேறினார்.

ஆனால் ஐஇஎம் மாட்டினாலே காது பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அது வெளிச் சத்தத்தை அடைப்பதால், உள்ளே குறைந்த வால்யூமே போதும். நன்மை அதுதான். அதிலும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் பாதிப்பு அதேதான்.

சரி, ஏன் கழற்றுகிறார்கள்?

ரசிகர்களைக் கேட்கத்தான். காது அடைபட்டிருந்தால் 50 ஆயிரம் பேர் கூடவே பாடுவதும் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருக்கும். அதற்காகவே கூட்டத்தை நோக்கித் தனி மைக் வைத்து, அந்தச் சத்தத்தையும் காதுக்குள் அனுப்புகிறார்கள். அப்படியும் சிலருக்குத் திருப்தி வராது, ஒரு காதைத் திறந்துவிடுவார்கள். ஒலி நிபுணர்களுக்கு இது பிடிக்காது. திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாக இறங்கும். அதற்கு ஈடுகட்ட அடுத்த காதில் வால்யூமைக் கூட்டுவார்கள். இரண்டு காதுக்கும் அடி.

சில நேரம் காரணம் வேறு, ஐஇஎம்மில் ஒன்றுமே வராது. பேட்டரி தீரலாம், சிக்னல் சிக்கலாம். 2016 டிசம்பர் 31 இரவு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில், டிவி நேரலையில் மரியா கேரி பாட முடியாமல் தடுமாறினார். காதில் எதுவும் கேட்கவில்லை என்றது அவர் தரப்பு. தங்கள் பக்கம் தவறே இல்லை என்று மறுத்தது நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனம். பின்னணி இசை ஓடிக்கொண்டே இருக்க, அவர் பாடாமல் மேடையில் நடந்துகொண்டிருந்த காட்சி மறுநாளே உலகம் முழுக்க வைரலானது.