பையன் கூலியும் பள்ளிக்கூடமும்

நம்ம திருக்கோவிலூர்ப் பக்கம் கரும்பு வெட்டு வந்துட்டா ஆள் கிடைப்பது கஷ்டம். அப்போ நம்ம கண்ணு பள்ளிக்கூடம் போற பையன் மேலே விழும். ஒரு பழைய சங்கதி சொல்றேன், கேளுங்க.

சிவகாசி வானம் பார்த்த பூமி. 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழில் வந்தது. குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, எண்ணிக்கைக்குக் கூலி. எழுத்தறிவு வேண்டாம், சின்ன விரல் போதும். பெரியவங்க கூலி குடும்பத்துக்குப் பத்தவில்லை. பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள்.

காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தந்தார். பிள்ளைகளின் பசி தீர்ந்தது. வீட்டுக்குக் கூலிக் குறை தீரவில்லை. 1996-இல் சிவகாசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்கணும். நோயின் வேர் அதுதானே?

இன்றைக்கு 14 வயசு வரை கட்டாயக் கல்விச் சட்டம் காவல் நிற்குது. அதுக்கு மேலே, ஒன்பதாவது பத்தாவதில்தான், வெட்டுக் கூலி பையனை இழுக்கும். கையில் வாங்கும் காசு கண்ணுக்குத் தெரியுது. பத்தாவது தேறினால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்கலாம் என்பது தெரியலை.

ஆகவே, பையனை வெட்டுக்குக் கூப்பிடாதீங்க. அவன் அப்பன் ஆத்தாளுக்கு நியாயமான கூலியை அன்றன்றே எண்ணிக் கொடுங்க.